பஞ்சை மடித்த கை

அத்தியாயம் 3

“சரியா அஞ்சு மணிக்கு இந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடப்போறேன்,” என்றார் பெரிய டாக்டர். “அதுக்குள்ள அந்த நர்ஸ்தான் பண்ணினாங்கன்னு நீங்க நிரூபிச்சுட்டா எனக்கு வசதி.”

“அவங்க பண்ணலைன்னு நிரூபிச்சா?” என்றாள் என் நாத்தனார்.

“அது எதுக்கு?”

“சும்மா, ஒரு மாறுதலுக்கு.”

மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் முன்கூட்டியே நகர்த்திவிட்டிருந்தாள். பதினோரு வருடமாக இப்படித்தான். நான் மிதிப்பது பெரும்பாலும் தரையை.

எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் நாங்கள் இருவர் மட்டுமே. முதல் கேஸ் என் கணவர். கட்சிக்காரி நான், உதவியாளர் அவருடைய தங்கை. மூன்று வாரத்தில் ஆளைக் கண்டுபிடித்தோம், துணையோடு. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. தங்கைக்காரி மட்டும் ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணனை விட்டு அண்ணியிடம் ஏன் வந்தாய் என்று நான் கேட்டதே இல்லை. ஊர் ரகசியமெல்லாம் தோண்டுகிறவளுக்குச் சொந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

பெரிய டாக்டர் இருதய ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். காலை பத்தரை மணிக்கு எங்களை அவசரமாக அழைத்திருந்தார். மேஜையில் ஐந்து காலி மருந்து பாட்டில்கள், ஒரு கடிதம், மூடி திறந்த பேனா.

“விஷயத்தைச் சுருக்கமா சொல்றேன். இருதய ரத்தக் குழாய்க்குள்ள ஒரு சின்ன வெடிப்பு வந்தா, ரத்தத்துல இருக்கிற தட்டணுக்கள் ஓடிவந்து அங்க குவியும். குவிஞ்சு குவிஞ்சு வழியை அடைச்சுட்டா மாரடைப்பு.”

“ரோட்ல ரெண்டு சைக்கிள் மோதிக்கிட்டா இருநூறு பேர் கூடி பஸ்ஸை மறிப்பாங்களே, அப்படி,” என்றாள் நாத்தனார்.

டாக்டர் அவளை முதல்முறையாக மரியாதையாகப் பார்த்தார். “அதேதான். இந்த மாத்திரைதான் கூட்டத்தைக் கலைக்கிற போலீஸ்காரர். பழைய மாத்திரை ஒண்ணு பல வருஷமா இருக்கு. அதைவிட நல்லதா ஒரு புதுசு வந்திருக்கு. ஒன்பது வருஷமா இதுதான் என் வாழ்க்கை.”

புதுசு என்று சொன்னபோது அவர் முகத்தில் விளக்குப் போட்டது போல் இருந்தது. பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையின் முகம்.

“நல்லதுன்னு முடிவாயிடுச்சா?” என்றேன்.

“அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. மாரடைப்பு வந்தவங்கள்ல பாதிப் பேருக்குப் பழசு, பாதிப் பேருக்குப் புதுசு. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். பட்டியல் முத்திரை வெச்ச உறையில, உறை அலமாரியில, சாவி நர்ஸ்கிட்ட.”

“முத்திரை உடைஞ்சிருக்கா?”

“இல்லை. ஆனா ஆவி காட்டிப் பிரிச்சு மறுபடி ஒட்டிடலாமே.”

“பாக்கெட் நாவல் நிறைய படிப்பீங்க போல,” என்றாள் நாத்தனார்.

அவர் கண்டுகொள்ளவில்லை. கோளாறு செவ்வாய்க்கிழமை வந்து மருந்து வாங்கும் குழுவில் மட்டும். ஒரே வார்டில், ஒரே வாரத்தில் மாரடைப்போடு சேர்ந்த ஐந்து பேர். முதல் இரண்டு மாதம் ரத்தப் பரிசோதனையில் சிலருக்கு மருந்து பலமாகவும் சிலருக்கு மிதமாகவும் வேலை செய்தது தெரிந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்து பேரும் நடுவில் வந்து நின்றுவிட்டார்கள். மேலிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. பட்டியலைப் பார்த்து நர்ஸ் மாத்திரைகளை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்பது டாக்டரின் முடிவு. கடிதம் போனால் வேலையோடு நிற்காது, நர்ஸ் பதிவும் ரத்தாகும்.

நான் பாட்டில்களைப் பார்த்தேன். மாதம் ஒரு பாட்டில், முப்பத்திரண்டு மாத்திரை, இருபத்தெட்டு நாள். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நர்ஸ் எண்ணி நோட்டில் எழுதுவார். முதல் மாத மிச்சம்: 4, 9, 5, 11, 4. மனிதர்கள் மறப்பது அப்படித்தான் இருக்கும். மூன்றாம் மாத மிச்சம்: 6, 6, 6, 6, 6. இந்த மாதம் ஐந்து பேருக்கும் ஐந்து.

“மறக்கறதுலகூட ஒத்துமை. நம்ம வீட்ல கேஸ் அடுப்பை அணைக்க நான் ஒரு நாள் மறந்தா நீங்க ஒரு நாள் மறப்பீங்க,” என்றாள் நாத்தனார். “சேர்ந்து மறந்திருந்தா இங்க உட்கார்ந்திருக்க மாட்டோம்.”

பாட்டில் வாயில் நீளமான பஞ்சு அடைத்திருப்பார்கள். நோயாளிகள் அதைத் தூக்கிப் போடுவார்கள், அல்லது கசக்கித் திணிப்பார்கள். இந்த ஐந்திலும் பஞ்சு மூன்றாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, மேலே சின்னக் கிரீடம் போல் நின்றது. ஐந்து பாட்டில், ஒரே கை.

“இது நர்ஸோட கையா?” என்றேன்.

“வேற யாரு?” என்றார் டாக்டர்.

* * *

நர்ஸ் வெளியே காரிடாரில் ரத்த மாதிரி எடுத்த கண்ணாடிக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நாளை இந்த மேஜை அவருடையதாக இருக்குமா என்று தெரியாது. லேபிள் ஒன்றுகூடக் கோணலாக இல்லை.

“நீங்க அழுவீங்கன்னு டிஷ்யூவோட வந்தேன்,” என்றாள் நாத்தனார்.

“நீங்க வேணா அழுங்க. எனக்கு இன்னும் பதினாலு குழாய் இருக்கு.”

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. துப்பறிகிறவளுக்கு அது ஆபத்து. பிடித்தவர்களிடம் கேள்வியை நாமே வழவழப்பாக்கிக் கொடுத்துவிடுவோம். குரலைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டேன்.

“பஞ்சை நீங்கதான் மடிச்சீங்களா?”

“அவங்க திருப்பிக் கொண்டுவரும்போதே அப்படித்தான் இருக்கு. அழகா இருக்கேன்னு நினைச்சேன். விசாரிக்காதது என் தப்பு.”

“அந்த அஞ்சு பேரோட விலாசம் வேணும்.”

“தர மாட்டேன். நோயாளியோட விவரம் வெளிய போகக் கூடாது.”

“சிஸ்டர், உங்க வேலை போகப்போகுது.”

“அதுக்காக விதி மாறிடுமா? அஞ்சு மணி வரைக்கும் நான் இங்க நர்ஸ்தானே?”

நாத்தனார் என் காதருகே குனிந்தாள். “அண்ணி, தன்னைக் காப்பாத்திக்கவே ஒரு விலாசத்தைக் குடுக்காத பொம்பளை, உறைக்கு ஆவி காட்டியிருப்பாங்கன்னா, நான் ஒல்லின்னு அர்த்தம்.”

காத்திருக்கும் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலியான ஒரு நாற்காலியின் பக்கத்தில் டீ குடித்த காகிதக் கோப்பை. அதற்குள் நிமிர்ந்து நின்றது ஒரு காகித நாப்கின். மூன்று மடிப்பு, செருகிய ஓரம், மேலே கிரீடம்.

வாசல் கதவருகே உயரமான ஒரு மனிதர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான்கு பேரை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். ஐந்து பேர் கையிலும் புது மருந்துப் பை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

* * *

மாரடைப்பு வந்து தேறியவர்களைப் பின்தொடர்வது போல் சுகமான வேலை வேறு இல்லை. டாக்டர் சொன்ன வேகத்தில் நடக்கிறார்கள். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்கிறார்கள். நாத்தனார் நடுவில் இரண்டு கடையில் புகுந்து, ஒரு குடை விலை கேட்டுவிட்டுக்கூட வந்து சேர்ந்தாள்.

சலவைக் கடைக்குப் பின்னால் ஒரு தரைத்தள வீடு. கதவு ஒருக்களித்திருந்தது. தட்டினேன். உயரமானவர் எட்டிப் பார்த்தார்.

“எத்தனை பேர்?” என்றார், வாய்ப்பழக்கத்தில்.

“ரெண்டு பேர்,” என்றாள் நாத்தனார்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் எங்களை யாரென்றே தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. அதற்குள் நாங்கள் உள்ளே வந்துவிட்டோம்.

வெள்ளை விரிப்புப் போட்ட நீளமான மேஜை. தட்டுத் தட்டாக நாப்கின் கிரீடங்கள். நடுவில் பெரிய கண்ணாடி ஜாடி. இரட்டைப் பின்னலும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு அம்மாள், கையில் திறந்த பாட்டிலோடு அப்படியே உறைந்திருந்தார். நான்கு பாட்டில் மாத்திரைகள் ஏற்கெனவே ஜாடிக்குள். ஐந்தாவது பாட்டில் கவிழ்ந்த நிலையில்.

“கொட்டிடுங்க, பரவாயில்லை. பாதியில நிறுத்தினா கை வலிக்கும்,” என்றாள் நாத்தனார்.

சடசடவென்று முப்பத்திரண்டு மாத்திரையும் விழுந்தன.

உயரமானவர் பெரிய ஓட்டலில் முப்பத்தோரு வருடம் சாப்பாட்டுக் கூடத்தின் தலைவராக இருந்தவர். எல்லோருக்கும் கேப்டன். பாட்டில்காரம்மாள் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவர். குள்ளமானவர் லிஃப்ட் மெக்கானிக். மீதி இருவர் சகலைகள். அக்காளைக் கட்டியவருக்குத் திங்கட்கிழமையும் தங்கையைக் கட்டியவருக்கு வியாழக்கிழமையும் மாரடைப்பு.

“அந்த வீட்ல இன்னும் பொண்ணு இருக்கா?” என்றாள் நாத்தனார். “யாரையாவது எச்சரிக்கணுமே.”

சகலைகள் முதல்முறையாகச் சிரித்தார்கள். நாத்தனார் மேஜையை நெருங்கி உட்கார, காலியாக இருந்த ஆறாவது நாற்காலியை இழுத்தாள்.

“அதுல வேண்டாம்மா,” என்றார்கள் ஐந்து பேரும்.

சிரிப்பு நின்றுவிட்டது. கேப்டன்தான் சொன்னார். வார்டில் அவர்கள் ஆறு பேர். ஆறாவது ஆள் ஒரு தபால்காரர். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்தவர், இரண்டாம் மாதக் கடைசியில் மறுபடி மாரடைப்பு வந்து போய்விட்டார்.

“அவருக்குக் கையில ஒரு ஊதாத் திட்டுகூட வந்ததில்லை,” என்றார் டைப் டீச்சர். “எனக்குப் பாருங்க, கதவுல லேசா இடிச்சாலே ஊதாக் கலர்ல ரத்தம் கட்டிக்கும். கேப்டனுக்கும் அப்படித்தான். புது மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். இவங்க மூணு பேருக்கும் தபால்காரருக்கும் ஒண்ணும் கிடையாது.”

“நான் வீட்ல போய் கையை நானே கிள்ளிப் பார்த்தேங்க,” என்றார் மெக்கானிக். “சிவந்துச்சு, போயிடுச்சு. பத்து நாள் தூங்கலை. என் சம்சாரம் அழுதுக்கிட்டே இருந்தா.”

“ஒரே மேஜையில உட்கார்ந்தவங்களுக்கு ரெண்டு மெனுவா?” என்றார் கேப்டன். “எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கி, சமமாப் பிரிச்சுக்கிட்டோம். மாசக் கடைசியில மிச்சத்தையும் சமமாப் பிரிப்போம். ஒண்ணு ரெண்டு கூட வந்தா கரைச்சு குரோட்டன்ஸுக்கு ஊத்திடுவேன்.”

“செடிக்கு அடைப்பே வராது,” என்று ஜன்னலைப் பார்த்தாள் நாத்தனார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் பிரியமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் குரல் உடைந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

“தபால்காரருக்குக் குடுத்தது எதுன்னு உங்களுக்குத் தெரியாது. திட்டு வரலைன்னா பழசுதான்னு சொல்ல முடியாது. புதுசு சாப்பிட்டும் போயிருக்கலாம். எது காப்பாத்தும்னு கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி. அவரோட கேள்விக்கான பதிலையும் இந்த ஜாடியில போட்டுக் கலக்கிட்டீங்களே.”

டைப் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னொண்ணு. அந்த நர்ஸ்தான் மாத்திரையை மாத்தினாங்கன்னு இன்னிக்கு அஞ்சு மணிக்கு வேலையை விட்டு அனுப்பப்போறாங்க.”

“ஐயோ, அந்தம்மாவா?” என்று எழுந்துவிட்டார் கேப்டன். “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க!”

“அப்போ திட்டு வர்றது நல்ல சேதின்னு உங்களுக்கு யார் சொன்னது? திட்டைப் பார்த்தா பயப்படணும். சந்தோஷப்படச் சொன்னது யாரு?”

கேப்டன் நாப்கினை எடுத்துப் பிரித்தார், மறுபடி மடித்தார். “அதை மட்டும் கேட்காதீங்க. எங்க உயிரைக் காப்பாத்தினவர் அவர். முப்பத்தோரு வருஷம் நான் சாப்பிடறவங்க முகத்தைப் பார்த்தே உப்பு கூடவா குறைவான்னு சொன்னவன். அவர் ஒரு வார்த்தை சொல்லலை. தான் சொன்னது அவருக்கே தெரியாது.”

தான் சொன்னது தனக்கே தெரியாது.

பதினோரு வருடம் முந்தைய ஒரு காலை எனக்கு ஞாபகம் வந்தது. என் கணவர் பொய் சொல்லும்போது அவர் முகம் கல் மாதிரி இருக்கும். நேரம், இடம், சாட்சி எல்லாம் தயாராக வைத்திருப்பார். அன்றைக்கு அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். போட்டுக்கொண்டே சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, ஷூவைப் பார்த்தும் அல்ல. துக்கத்தை மறைக்கச் சின்ன வயதிலிருந்தே பழகிவிடுகிறோம். சந்தோஷத்தை மறைக்க யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அவரைக் காட்டிக்கொடுத்தது அந்தச் சந்தோஷம்தான்.

நான் எழுந்தேன். “உன் கைப்பையில கண்ணுக்குப் போடற ஊதாக் கலர் இருக்கா?”

“இருக்கு. இப்ப யாருக்கு அண்ணி அலங்காரம்?”

“உன் கைக்கு.”

* * *

நாலே முக்கால். டாக்டர் அறையின் மூலையில் பரிசோதனைக் கட்டில், அதைச் சுற்றிப் பச்சைத் திரை. டாக்டர் வார்டிலிருந்து வருவதற்குள் நாத்தனார் வளையல்களைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துக்கொண்டாள். நர்ஸிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று தெரியும். திரைக்கு வெளியே ஒரு கை நீளும், அதைப் பார்க்கச் சொன்னால் போதும் என்றேன்.

டாக்டர் வந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“டாக்டர், இந்தக் கையைக் கொஞ்சம் பாருங்க,” என்றார் நர்ஸ்.

திரை இடுக்கு வழியாக வலது கை வந்தது. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஊதாத் திட்டு, ஓரத்தில் பச்சை, நடுவில் கொஞ்சம் மஞ்சள். நாத்தனார் எதையும் அளவோடு செய்கிறவள் அல்ல.

டாக்டரின் முகத்தில் விளக்கு எரிந்தது. “அடடே! பிரமாதம்! வலிக்குதாம்மா? வலிக்காது. கவலையே வேணாம், நல்லாப் போய்க்கிட்டிருக்கு!” அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

கை உள்ளே போயிற்று. கட்டில் கிரீச்சிட்டது. இடது கை வந்தது, சுத்தமாக.

“இதையும் பாருங்க டாக்டர்.”

“ம். சரி. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுங்க,” என்றார். விளக்கு அணைந்துவிட்டது. கண் ஏற்கெனவே கடிதத்துக்குத் திரும்பியிருந்தது.

“டாக்டர், வலது கைக்காரி நல்லா இருப்பா, நான் மட்டும் செத்துடுவேனா?” என்றது திரை.

அவர் நிமிர்ந்தார். நாத்தனார் திரையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள், இரண்டு கையையும் நீட்டியபடி. டாக்டர் ஊதாவைப் பார்த்தார், திட்டு இல்லாத கையைப் பார்த்தார். தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்தார். அங்கே என்ன இருந்தது என்று முதல்முறையாகத் தேடுகிறவர் போல.

நான் ஜாடியைப் பற்றிச் சொன்னேன். மெக்கானிக் தன் கையைக் கிள்ளிக்கொண்டதைச் சொன்னேன். ஆறாவது நாற்காலியைச் சொன்னேன். அப்போது அவர் உட்கார்ந்துவிட்டார்.

“நான்... ஒரு வார்த்தை சொன்னதில்லையே.”

“உறை மேல முத்திரை வெச்சீங்க டாக்டர். முகத்து மேல வெக்கலை.”

கூடத்துக் கடிகாரம் ஐந்து அடித்தது. டாக்டர் கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நர்ஸின் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே தன் பெயரை எழுதினார். காரணங்களைத் திருத்த மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு கையெழுத்துப் போட்டு, நர்ஸிடம் நீட்டினார். “மேலிடத்துக்கு அனுப்பிடுங்க சிஸ்டர். என்னை... மன்னிப்பீங்களான்னு கேட்க மாட்டேன்.”

“கேட்காதீங்க. இன்னிக்கு முடியாது,” என்றார் நர்ஸ். “அஞ்சு பேரையும் நாளைக்குக் காலையில வரச் சொல்றேன். மாத்திரையை அவங்களாவே நிறுத்திடாம இருக்கணும், அதைப் போன்ல இப்பவே சொல்லணும்.”

“இனிமே நான் எப்படி நோயாளியைப் பார்க்கறது? முகமூடி போட்டுக்கட்டுமா?”

“உங்க கண்ணும் சேர்ந்துதான் சிரிக்குது. மேலிடம் உங்களை இருக்கவிட்டா, நீங்க ஸ்டெதஸ்கோப்பை மார்புல வெச்சுக் கேளுங்க. கையை நான் பார்க்கறேன்.” சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயே இருந்தது.

படியிறங்கும்போது நாத்தனார் ஊதாவை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அது பரவியதே தவிரப் போகவில்லை.

“அண்ணி. ஷூ பாலிஷ் போடும்போது அண்ணன் சிரிச்சதா சொல்வீங்களே, அதை நானும் பார்த்தேன். உங்களுக்கு ஒரு மாசம் முன்னாடி.”

நான் நின்றேன். அவள் கையையே பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லலை. வாய் வரலை. அதான் பெட்டியோட வந்துட்டேன்.”

பதினோரு வருடம் நான் கேட்காத கேள்விக்குப் பதில், நடுப்படியில், யாரும் கேட்காமலே வந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்து என் புடவைத் தலைப்பால் துடைத்தேன். தலைப்புதான் ஊதாவாயிற்று.

“முன்னாடியே தெரியும்,” என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

“பொய்,” என்றாள்.